அந்தச் சிவப்பு அங்கி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் லெஸ்டரில் வசிக்கிறேன். சென்ற மாதம் பக்கத்து ஊரில் ஓர் உள்ளூர்க் குழு ‘மீ அண்ட் மை கேர்ள்’ இசை நாடகத்தை மறுபடி மேடையேற்றினார்கள். லண்டன் லாம்பெத் பகுதியின் தெருவியாபாரி ஒருவன் திடீரென்று பிரபுவாகிவிடும் கதை. பிள்ளைகளோடு போய் வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுவாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் விமர்சனம் வந்தது. ‘கதை மெலிசு, பழங்காலக் கேளிக்கை, மூன்று நட்சத்திரம்’ என்று எழுதியிருந்தார்கள். படித்ததும் கூச்சமாகிவிட்டது. மட்டமான ஒன்றை ரசித்துவிட்டேனா? 1937இல் வந்த நாடகத்தை 1984இல் ஸ்டீபன் ஃபிரை திருத்தி எழுதினாராம், பழைய பிரதியில் அப்படிக் கைவைக்கலாமா? இது பிரபுக்களுக்கு ஜால்ரா போடும் நாடகம் என்கிறார் என் நண்பர். அதற்கு என்ன சொல்வீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பரை முதலில் அனுப்பிவிடுவோம். அவர் கதைச்சுருக்கத்தைப் படித்திருக்கிறார், நாடகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், லாம்பெத் ஜனங்கள் மாளிகை விருந்துக்குள் புகுந்து சீமான்களையும் சீமாட்டிகளையும் ‘லாம்பெத் வாக்’ பாட்டுக்கு ஆட வைக்கும் இடத்தில் அவரும் கைதட்டியிருப்பார். 1942இல் நாஜிகளின் அணிவகுப்புப் படத்தை வெட்டி ஒட்டி, அவர்கள் இந்த மெட்டுக்கு முன்னும் பின்னும் ஆடுவதுபோலச் செய்த ஒரு பிரிட்டிஷ் குறும்படம் இருக்கிறது. அவருக்கு அதைப் போட்டுக் காட்டுங்கள்.

உங்களிடம்தான் எனக்குக் கோபம். வயிறு வலிக்கச் சிரித்த ஒருவர், யாரோ போட்ட மூன்று நட்சத்திரத்தைப் பார்த்துக் கூசிப்போவதா? அதுவும் லெஸ்டரில் இருந்துகொண்டு! 1984இல் இந்த நாடகத்துக்கு மறுபிறவி கொடுத்தது உங்கள் ஊர் ஹேமார்க்கெட் அரங்கம். மைக் ஆக்ரென்ட் இயக்க, ராபர்ட் லிண்ட்சேயும் அன்று அதிகம் அறியப்படாத எம்மா தாம்சனும் நடித்தார்கள். அங்கிருந்துதான் அது 1985இல் லண்டன் அடெல்ஃபி அரங்கத்துக்குப் போய் 1993 வரை ஓடியது, 1986இல் நியூயார்க்கின் பிராட்வேக்கும் போனது. விருதெல்லாம் வந்த பிறகு வெளியூர் அரங்கத்தை யார் நினைக்கிறார்கள்? உள்ளூர்க்காரர் நீங்களே அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

சரி, விமர்சனத்துக்கு வருகிறேன். ரொம்ப நாளாக எனக்குள் கிடந்து உறுத்தும் விஷயம் இது. ‘கதை மெலிசு’ என்பது ஒரு கண்டுபிடிப்பா? 1937இல் லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கத்தில் திரை விலகியபோதும் அது மெலிசுதான். முதலில் கூட்டமும் பெரிதாக இல்லை. ரத்தான ஒரு விளையாட்டு நிகழ்ச்சிக்குப் பதிலாக பிபிசி வானொலி இதை ஒலிபரப்பிய பிறகுதான் ஜனங்கள் திரண்டார்கள். அப்புறம் ஆயிரத்து அறுநூறு காட்சிகளுக்கு மேல் ஓடியது. அத்தனை பேரும் கதைக்காகவா வந்தார்கள்? லூபினோ லேன் என்ற கோமாளியைப் பார்க்க வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கரணம் போட்டுப் பிழைத்த குடும்பம் அவருடையது.

இங்கிலாந்தில் நான் வேலைபார்த்த காலத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு கணக்கர் குடியிருந்தார். பகலில் கணக்கு, இரவில் அமெச்சூர் நாடகம். ஒருமுறை இதே நாடகத்தில் அவருக்கு, பிரபுவாகும் அந்தத் தெருவியாபாரி பில்லின் வேடம் கிடைத்தது. பிரபுக்கள் சபையில் பேசுவதற்காக பில் சிவப்பு அங்கியும் கிரீடமும் அணிந்து ஒத்திகை பார்ப்பானே, அந்த இடத்துக்காகப் படுக்கை விரிப்பைத் தோளில் கட்டிக்கொண்டு இரவெல்லாம் நடப்பார். அங்கியின் ஓரத்தைத் தானே மிதிக்க வேண்டும், கழுத்து பின்னால் இழுபட வேண்டும், யார் இழுத்தது என்று திரும்பிப் பார்க்க வேண்டும். திரும்புவது அரை நொடி முந்தினால் சிரிப்பு வராது. பிந்தினால் விபத்து என்று நினைத்து ஜனங்கள் பதறிவிடுவார்கள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே பழகுவார். “தூங்கவிடு ஐயா” என்று கீழேயிருந்து நான் கத்துவேன். “இன்னும் ஒரே தடவை” என்பார்.

அரங்கேற்றத்தன்று அந்த இடத்தில் ஒரு பாட்டி இருமி இருமிச் சிரித்ததை நான் பார்த்தேன். வாரப் பத்திரிகையில் கணக்கருக்குக் கிடைத்தது ஒரே வாக்கியம்: கலகலப்பாக நடித்தார். அவ்வளவுதான்! மனிதர் அதையும் கத்தரித்து எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

இதைத்தான் சொல்கிறேன். சோக நாடகம் என்றால் நம் விமர்சகருக்குப் பேனா நிற்காது. மௌனம், இடைவெளி, கண்ணோரத் துளி என்று பத்தி பத்தியாக வரும். சிரிக்க வைத்தவனுக்கு மட்டும் ஒரு பெயரடை. நடிகர் எங்கே நின்றார், எந்தக் காலால் மிதித்தார், சபை எப்போது வெடித்தது, இரண்டாம் முறை அதையே செய்தபோது ஏன் இன்னும் பலமாக வெடித்தது என்று எழுதுவதற்குப் பயிற்சி வேண்டும். அது இல்லாதவர்தான் கதை மெலிசு என்று எழுதித் தப்பிக்கிறார். சமையல்காரரின் கையைப் பார்க்காமல் இலையின் அகலத்தை அளந்துவிட்டு வருவது போன்ற வேலை. நாடகம் நன்றாக இல்லை என்றால் தாராளமாகத் திட்டட்டும், நான் தடுக்கவில்லை. அங்கியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று திட்டட்டும்.

பிரதியில் கைவைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபிரை வசனத்தைப் புதுப்பித்தார். நாடகத்துக்கு இசையமைத்த நோயல் கேயின் வேறு பாட்டுகளையும் அந்த மறு ஆக்கத்தில் சேர்த்தார்கள். நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பியிருக்கக்கூடிய ‘லீனிங் ஆன் எ லாம்ப் போஸ்ட்’ 1937 நாடகத்தில் கிடையாது. மறுமேடையேற்றத்துக்கு முதலடி வைத்த ரிச்சர்ட் ஆர்மிடேஜ் நோயல் கேயின் சொந்த மகன். அவருக்கு இல்லாத ஆட்சேபம் நமக்கு எதற்கு?

உள்ளூர்ப் பத்திரிகைக்கு வாசகர் கடிதம் எழுதுங்கள். என்னைக் கேட்ட கேள்விகள் அதில் வேண்டாம். உங்கள் பில் அந்த அங்கியை வைத்து என்னென்ன செய்தார் என்று வரிசையாக எழுதுங்கள். மறந்திருந்தால் பிள்ளைகளைக் கேளுங்கள், நடித்தே காட்டுவார்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்