பி.எஸ்சி. கணிதம் சேரப்போகும் 2011-ஆம் ஆண்டு எனக்கு

"கல்லூரியில் சேர்வதற்கு முன்பிருந்த உங்களுக்கு இப்போது அறிவுரை சொல்ல முடிந்தால் என்ன சொல்வீர்கள்?" என்பது கேள்வி.

நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். 2011-ல் எங்கள் மாவட்டத்து அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். இன்று ஒரு கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். நேரத்தை வீணாக்காதே, நல்ல நண்பர்களைத் தேர்ந்தெடு என்றெல்லாம் சொல்ல வீட்டிலேயே ஆள் இருந்தார்கள். யாரும் சொல்லாததை மட்டும் அந்தப் பெண்ணிடம் சொல்கிறேன். இப்போது அதே படிப்பில் சேரும் பிள்ளைகளுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

இங்க பாரு. இன்னும் ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "ஏன், இன்ஜினியரிங் கிடைக்கலையா?" என்று கேட்பார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கிற மாநிலத்தில் கிடைக்காமல் என்ன? உனக்குக் கணக்கு பிடிக்கும், அதனால் சேர்கிறாய். "கணக்குதான் எடுத்திருக்கேன் பெரியம்மா" என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார். "பி.எட். முடிச்சா டீச்சராயிடலாம், பொண்ணுக்கு ஏத்த வேலை" என்றும் சொல்வார்கள். ஆசிரியர் வேலை உயர்ந்த வேலைதான். ஆனால் இந்தப் படிப்பு அங்கே மட்டும்தான் போகும் என்று நம்பிவிடாதே.

நீ பிளஸ் டூ கணக்கில் மதிப்பெண் எடுத்தது எப்படி என்று உனக்கே தெரியும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கம் புக் என்ற வினாத் தொகுப்பை அட்டை கிழியும்வரை போட்டுப் பார்த்தாய். பத்து மதிப்பெண் கணக்குகள் எல்லாம் கையில் இருந்தன. கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் கை எழுதத் தொடங்கிவிடும். அந்தத் தேர்வுக்கு அந்த உழைப்பு சரி. இனி வரப்போகும் கணிதம் வேறு மாதிரி. கால்குலஸ் இருக்கும்வரை பழைய முறையே ஓடும். ரியல் அனாலிசிஸ் வந்ததும் கணக்கு போடுவது குறைந்து நிரூபணம் மட்டுமே இருக்கும். அப்போது வகுப்பில் ஒரு பட்டியல் கைமாறும்: "இம்பார்ட்டன்ட் தியரம்ஸ்". போன வருடம் வந்தவை, இந்த வருடம் வரக்கூடியவை. அதை மட்டும் உருப்போட்டாலும் செமஸ்டரில் எண்பது மதிப்பெண் வரும். அங்கேதான் ஆபத்து. உனக்குப் புரியவில்லை என்பதை அந்தத் தேர்வு உனக்குக் காட்டவே காட்டாது.

ஒரே ஒரு இடத்தைக் காட்டுகிறேன். ஒரு வரிசையின் எல்லைக்கு, அதாவது லிமிட்டுக்கு, வரையறை சொல்லித் தரும் நாளில் கரும்பலகையில் ஒரு வரி வரும். எப்சிலான் என்று பூச்சியத்தைவிடப் பெரிய எந்த எண்ணை எடுத்தாலும், ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் பிறகு வரும் உறுப்புகள் எல்லாம் எல்லையிலிருந்து எப்சிலானைவிடக் குறைந்த தூரத்தில் இருக்கும் என்று. வகுப்பு மொத்தமும் அதை எழுதிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நீ போகாதே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளை எதிராளியாக வைத்துக்கொள். வரிசை 1, 1/2, 1/3, 1/4 என்று போகிறது. அவள் ஒரு சின்ன எண் சொல்லட்டும். நூறில் ஒன்று என்கிறாளா? நூறாவது உறுப்புக்குப் பிறகு வரும் எல்லாமே அதைவிடச் சிறியவை. விடாமல் பத்து லட்சத்தில் ஒன்று என்பாள். பத்து லட்சமாவது உறுப்புக்குப் பிறகு பார்த்துக்கொள் என்று சொல். அவள் எதைச் சொன்னாலும் உன்னிடம் ஒரு இடம் இருக்கும் என்றால் வரிசையின் எல்லை பூச்சியம். எப்சிலான் அவள் சொல்வது, இடம் நீ சொல்வது. முதலில் அவள் சொல்ல வேண்டும், அதைக் கேட்டுவிட்டு நீ சொல்ல வேண்டும். இந்த முன்பின்னை மாற்றிப் போட்டால் வரையறையே கெட்டுவிடும். உருப்போட்டவர்கள் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். இன்றைக்கும் என் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

அதே உறுப்புகளைக் கூட்டிப் பார். 1 + 1/2 + 1/3 + 1/4... உறுப்புகள் ஒன்றுமே இல்லாமல் தேய்ந்துகொண்டு போவதால், கூட்டுத்தொகை எங்கேயாவது நின்றுவிடும் என்றுதான் தோன்றும். கால்குலேட்டரில் போட்டாலும் அப்படித்தான் தெரியும். பத்தைத் தாண்டுவதற்கே 12,367 உறுப்புகள் வேண்டும். ஆனால் 1/3, 1/4 இரண்டையும் சேர்த்தால் அரைக்கு மேல் வருகிறது. அடுத்து 1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள். ஒவ்வொன்றும் 1/8 அல்லது அதற்கு மேல், ஆகவே அதுவும் அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே, அதற்கடுத்த பதினாறும் அப்படியே. அரை அரையாக முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே போனால் எந்த எண்ணையும் தாண்டிவிடும். நிக்கோல் ஒரெம் என்ற பிரெஞ்சு அறிஞர் பதினான்காம் நூற்றாண்டில் கண்ட நிரூபணம் இது. இதில் உருப்போட என்ன இருக்கிறது? ஒரு முறை நீயே கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது.

எந்தத் தேற்றத்தைப் படித்தாலும் அதிலிருந்து ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டுப் பார். மூடிய, அதாவது இரு முனைகளையும் சேர்த்த, இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புக்குள் இருக்கும் என்கிறார்களே, மூடிய என்று ஏன் சொன்னார்கள்? பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே உள்ள திறந்த இடைவெளியில் 1/எக்ஸ் என்ற சார்பை வரைந்து பார், தெரிந்துவிடும். இப்படிக் கேட்டுக் கேட்டுப் படித்தால் மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படாதே. முதல் வாரம் மலைப்பாக இருக்கும். ஆனால் கணிதப் புத்தகத்தில் புழங்கும் ஆங்கிலம் மிகக் குறைவு. லெட், சப்போஸ், ஃபார் எவ்ரி, தேர் எக்சிஸ்ட்ஸ் என்று அதே சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுது. நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன், ஒரு குறையும் இல்லை.

கணக்கு பிடிக்கிறது என்பதற்காக பார்ட் ஒன் தமிழையும் பார்ட் டூ ஆங்கிலத்தையும் அலைடு என்ற துணைப் பாடத்தையும் கைவிடாதே. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் சேர்ந்த ராமானுஜன் மற்றப் பாடங்களில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், பட்டப்படிப்புக்கு முந்தைய எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. அவருக்கே அந்தக் கதவு அடைபட்டது. நான் ஐ.ஐ.டி. எம்.எஸ்சி.க்கு விண்ணப்பித்த காலத்தில், மொழிப்பாடம், அலைடு எல்லாம் சேர்த்து மொத்தம் 55 சதவீதம் கேட்டார்கள், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 50. தமிழில் ஒரு அரியர் வைத்துக்கொண்டு அந்தப் படிவத்தை நிரப்ப முடியாது.

ஐ.ஐ.டி.யா என்று நீ இப்போது முழிப்பாய். ஆமாம். ஐ.ஐ.டி. என்றால் இன்ஜினியரிங் என்றுதான் நம் தெருவில் தெரியும். அங்கே எம்.எஸ்சி. கணிதமும் இருக்கிறது. ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வு, 2004-லிருந்து நடக்கிறது. செப்டம்பர் வாக்கில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, மூன்று மணி நேரம். மூன்றாம் ஆண்டில்தான் எழுத வேண்டும், ஆனால் பழைய வினாத்தாள்களை இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துப் பார்த்துவிடு. அரசு கொடுக்கும் மடிக்கணினி கைக்கு வந்ததும் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். அந்தக் கேள்விகளில் பாதி, தேற்றம் தெரிந்தும் அதை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாதவர்களைத் திணற வைப்பவை. உன் செமஸ்டர் தேர்வு காட்டாததை அவை காட்டிவிடும். சென்னையிலேயே தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் 1962-லிருந்து இருக்கிறது. சிறுசேரியில் சென்னை கணிதக் கழகம் இருக்கிறது. அங்கே பிளஸ் டூ முடித்ததுமே பி.எஸ்சி. சேரலாம், தனி நுழைவுத் தேர்வு உண்டு. இதெல்லாம் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா பேருந்தில் வரும்போது சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நம் பள்ளிக்கூடத்துக்கு இந்தச் செய்தி வந்ததே இல்லை. அதனால் உனக்குத் தெரிந்ததும் உன் வகுப்பில் எல்லோருக்கும் சொல். பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்தவள் யாராவது உன் வகுப்பில் இருந்தால் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல். அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 80,000 ரூபாய். நம் மாதிரி வீட்டில் அது என்ன பணம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் கோடை விடுமுறை. எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாமைப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993-ல் தொடங்கினார். மே, ஜூன் மாதங்களில் நான்கு வாரம், ஊர் மாறி மாறி நடக்கும். இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு நிலை, மூன்றாம் ஆண்டுக்கு ஒன்று, முதுநிலைக்கு ஒன்று. நான் போனபோது தங்கும் இடம், சாப்பாடு, ரயில் கட்டணம் எல்லாம் அவர்களே தந்தார்கள். அங்கே யாரும் நோட்ஸ் சொல்ல மாட்டார்கள். கேள்வி கேட்பார்கள், உன்னைக் கரும்பலகைக்கு வரச் சொல்வார்கள். நான் போனபோது தப்பாகச் சொல்லிவிட்டு நின்றவளிடம், "சரி, ஏன் உனக்கு அப்படித் தோணிச்சு?" என்றுதான் கேட்டார்கள். அவள் யோசித்து யோசித்துத் தன் வாயாலேயே பிழையைக் கண்டுபிடித்தாள், நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். கணிதம் இப்படித்தான் நடக்கிறது என்பதை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான்.

அம்மா அனுப்பத் தயங்குவார். வெளியூர், ஒரு மாதம், துணைக்கு யாரும் இல்லை. வாதாடாதே. தேர்வுக் கடிதத்தைக் காட்டு, மாணவிகளுக்குத் தனி விடுதி உண்டு என்று காட்டு, அங்கிருக்கும் ஆசிரியரிடம் அப்பாவைப் போனில் பேச வை. முதல் தடவை ரயிலில் அப்பா கூட வரட்டும். நம் அப்பா வந்தார். அந்த வளாகத்தைப் பார்த்ததும் அவருக்கே நிம்மதியாகிவிட்டது.

அந்த முகாமுக்கான விண்ணப்பத்துக்கு உன் ஆசிரியர் ஒருவர் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். அறுபது பேர் வகுப்பில் உன்னை அவருக்குத் தெரிந்திருந்தால்தான் எழுத முடியும். கடைசி ஹவர் முடிந்ததும் பேருந்துக்கு ஓடாமல் வாரம் ஒரு நாள் துறைக்குப் போ. துறைத் தலைவரைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் கௌரவ விரிவுரையாளர்தான் உனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போகிறவர். "சார், புரியலை" என்று மட்டும் போய் நிற்காதே. நீ போட்டுப் பார்த்த தாளையும் எடுத்துக்கொண்டு போய், "இந்த வரி வரைக்கும் வந்துட்டேன் சார், இதுக்கு அடுத்து ஏன் இப்படின்னு தெரியலை" என்று கேள். ஜூலையிலேயே தொடங்கிவிடு.