வெளிநாட்டுப் பெண் ஏற்காட்டுப் பக்கம் தனியாகத் தங்கி வேலை பார்க்க முடியுமா?

முடியும். நான் ஒன்றேமுக்கால் வருடம் இருந்தேன். ஆனால் எந்த முகத்தோடு வருகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். தமிழில் கேட்டிருப்பதால் நீங்களும் என்னைப்போலத் தமிழ் முகம், வேறு பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான் மலேசியாவில் ஈப்போக்காரி. ஒரு காப்பித் தோட்டத்தில் தரம் பார்க்கும் வேலை. அதே சீசனில் பிரான்சிலிருந்து ஒரு பெண் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்திருந்தாள். அரை டிரவுசரோடு களத்துச் சுவரில் உட்கார்ந்து சிகரெட் பிடிப்பாள். "அது வெள்ளக்காரம்மா, அதுக்கென்ன தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நான் ஒருநாள் துப்பட்டா இல்லாமல் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் வீட்டுக்கார ஆயாவுக்குச் செய்தி போயிருந்தது. அந்தப் பிரெஞ்சுப் பெண்ணிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று எனக்கு வாரம் தவறாமல் வரும்: "நீங்க என்ன ஆளுங்க?" மலேசியா என்பேன். "அது சரி, மலேசியாவுல என்ன ஆளுங்க?"

(வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கஷ்டமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கம் செல்ஃபி கேட்டு வருகிறவர்களிடம் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர்களில் முக்கால்வாசி உள்ளூர் இல்லை, 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள்.)

ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்த் தோட்டங்களில் ஆயா என்றால் ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொள்கிறவர், சேலத்தில் பாட்டி. போன இரண்டாம் நாள், சாமி அறை வாசலில் என்னை நிறுத்திக் குரலைத் தாழ்த்தி, "தூரமா கண்ணு?" என்றார். ஊரைக் கேட்கிறார் என்று நினைத்து, "ரொம்பத் தூரம் ஆயா, பிளேன்லயே நாலு மணி நேரம்" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்றிலிருந்து மூன்று நாள் சாப்பாடு திண்ணைக்கே வந்தது. தனித் தட்டு, தனி டம்ளர், பக்கத்தில் புதுப் பாய். விருந்தாளிக்கு என்ன கவனிப்பு பாருங்கள் என்று அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அம்மா போனில் ஐந்து நிமிடம் சிரித்துவிட்டுத்தான் விளக்கினார், ஆயா கேட்ட தூரம் மாதவிலக்கு என்று. ஆயாவிடம் ஓடிப்போய் அப்படியெல்லாம் இல்லை என்றேன். "சரி சரி, நாலாம் நாள் தலைக்கு ஊத்திட்டு உள்ள வா" என்று முடித்துவிட்டார். அடுத்த வாரம் நிஜமாகவே வந்தபோது நான் வாயே திறக்கவில்லை.

இதை எதிர்த்திருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். அது அவர் வீடு. என் சண்டையை எடை போடும் இடத்துக்கு வைத்துக்கொண்டேன். பறிக்கிற பெண்களுக்குக் கிலோக் கணக்கில் கூலி. காயும் பழமுமாக உருவிப் போட்டால் எடை ஏறும். சிவந்த பழமாகப் பார்த்துப் பறித்தால் தரம் கிடைக்கும், கூலி குறையும். நான் வந்து பழம் மட்டும் என்றதும் நஷ்டம் அவர்களுக்குத்தான். பழத்துக்குத் தனி விலை கொடுங்கள் என்று கேட்டேன். "பொம்பளப் புள்ள சொல்லி ரேட்டு மாத்தணுமா" என்றார் மேஸ்திரி. ஒரு சீசன் முழுக்க இழுத்து, கடைசியில் மாற்றினார்கள். பறித்தவர்களில் பாதிப்பேர் மலையாளி பழங்குடியினர். கேரளம் இல்லை, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் வழி என்று அவர்கள் கதை சொல்வார்கள். கூலி ஏறியபிறகுதான் எனக்கும் அந்தக் கதை சொன்னார்கள்.

அந்த மேஸ்திரிதான் ஒருநாள் இருட்டியபின் நான் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தனியாக நடந்தபோது டார்ச் அடித்துக்கொண்டு வந்தார், இருபது அடி பின்னாலேயே. பக்கத்தில் நடந்தால் பேச்சாகிவிடும். வீட்டு வெளிச்சம் தெரிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டார். துப்பட்டாவைக் கவனித்த கண்ணும் அந்த டார்ச்சும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தன. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் கிடைத்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் ஒன்று. சேலத்தில் ஒரு வங்கியில், "மலேசியாவா? தமிழ் சூப்பரா பேசறீங்க, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றார்கள். பினாங்கில் 1816லேயே தமிழ் வகுப்பு தொடங்கியாயிற்று. இன்றும் நாட்டில் 500க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள். அதில் ஒன்றில் படித்தவள் நான். "பசியாறிட்டீங்களா?" என்றால் சிரிக்கிறவர்கள், "டோக்கன் எடுத்துட்டு வெயிட் பண்ணுங்க மேடம்" என்பதைத் தமிழ் என்கிறார்கள். போகட்டும்.

உங்களுக்கு வேண்டியது: டூரிஸ்ட் விசாவில் வந்து வேலை செய்யலாம் என்று யார் சொன்னாலும் கிளம்பாதீர்கள். விசா 180 நாளுக்கு மேல் என்றால் வந்த 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) பதிவு, இணையத்திலேயே செய்யலாம். அதைவிடத் தலைவலி, வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவம் (நான் இருந்தபோது சி படிவம் என்பார்கள்). உங்களைத் தங்கவைக்கிறவர் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். போலீஸ் சமாச்சாரம் என்று கேட்டதுமே மூன்று வீட்டுக்காரர்கள் எனக்குக் கதவைச் சாத்தினார்கள். அதனால் வீடு பிடிக்கும் பொறுப்பை வேலை தருகிறவர் தலையிலேயே கட்டுங்கள். அப்புறம், மலை பிடித்துப்போய் அரை ஏக்கர் காப்பி வாங்கலாம் என்று தோன்றும். இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் விவசாய நிலமோ தோட்டமோ வாங்க முடியாது. நான் விசாரித்துவிட்டேன்.