கலஞ்சோ பூக்க இருட்டு வேண்டும்

கேள்வி: ஓசூர் அருகே நிழல்வலைக் குடிலில், தென்னை நார்க்கழிவு நிரப்பிய 800 தொட்டிகளில் கலஞ்சோ பூச்செடி வளர்க்கிறேன். திருட்டுப் பயத்தால் சென்ற ஆண்டு குடில் வாசலில் இரவு முழுதும் எரியும் எல்.இ.டி. விளக்குப் போட்டேன். செடிகள் நன்றாகத் தழைத்தும் பின்வரிசை மட்டுமே பூத்தது. சில செடிகளின் அடித்தண்டு அழுகுகிறது. கடையில் கொடுத்த பூ டானிக்கும் பலன் தரவில்லை. வரும் பொங்கல் விற்பனைக்குப் பூக்க எந்த உரம் இடலாம்?

பதில்: தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றி, மொட்டு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். உரத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அந்த விளக்கைப் பற்றி.

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட கலஞ்சோ, நம் ரணகள்ளியின் பேரினத்தைச் சேர்ந்தது. இரவின் நீளத்தை அறிந்தே மொட்டு வைக்கும். தொடர்ச்சியான நீண்ட இருட்டு வாரக்கணக்கில் கிடைத்தால்தான் அதன் குருத்து இலை விடுவதை நிறுத்திப் பூவுக்கு மாறும். நள்ளிரவில் சில நிமிடங்கள் வெளிச்சம் பட்டாலே அந்த நீண்ட இரவு செடிக்கு இரண்டு குறுகிய இரவுகளாகிவிடும். உங்கள் பின்வரிசை பூத்ததற்கும் வெளிச்சம் அங்கே எட்டாததே காரணம்.

விளக்கைக் குடிலில் ஒளி படாதபடி பாதைப் பக்கம் திருப்பி வையுங்கள். அக்டோபர் முதல் வாரத்திலிருந்து ஆறு வாரங்கள், மாலை 6 மணிக்குக் கறுப்புப் பாலித்தீன் விரிப்பால் மூடி, காலை 8 மணிக்குத் திறவுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று வெயில் தணியுமுன் மூடினால், உள்ளே வெப்பம் சேர்ந்து மொட்டு தாமதமாகும். பகலில் நல்ல வெளிச்சம் அவசியம். இரகத்தைப் பொறுத்து, மூடத் தொடங்கியதிலிருந்து 10 முதல் 14 வாரங்களில் பூக்கும் என்பதால், தொடக்கத்தைத் தள்ளிப்போட்டால் பொங்கல் சந்தை கைவிட்டுப் போகும்.

டானிக் விற்றவர் உங்கள் குடிலில் இரவில் விளக்கு எரிகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் புட்டியை நீட்டுவது வைத்தியம் ஆகாது, அது வெறும் வியாபாரம். உள்ளடக்கத்தை அளவோடு அச்சிடாத எந்தப் புட்டியையும் வாங்காதீர்கள். அச்சிட்டிருந்தாலும், இருட்டு காணாத கலஞ்சோவை அதனால் பூக்க வைக்க முடியாது.

தண்டு அழுகலுக்கு நார்க்கழிவே காரணமாக இருக்க வேண்டும். மேலே காய்ந்து தெரிந்தாலும் அடியில் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். தொட்டியைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்த பிறகே தண்ணீர் விடுங்கள். அழுகிய செடிகளில் நலமாக உள்ள நுனிகளை வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவைத்து, பாதிக்குப் பாதி பெருமணல் கலந்த மண்ணில் நடலாம்; அவற்றை மட்டும் இந்தப் பொங்கலுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.