நாள் சுருங்கும் பருவத்தில் சிறு பண்ணை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: இலையுதிர்காலம் தொடங்கியதும் எங்கள் கோழிகள் கழுத்திலும் முதுகிலும் இறகுகளை உதிர்த்துவிட்டு, முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டன. இது நோயா? விளக்குப் போட்டால் மீண்டும் முட்டையிடுமா?

பதில்: நோயன்று. ஒரு வயதைக் கடந்த கோழிகள் பகல் குறையத் தொடங்கும்போது பழைய இறகுகளைக் களைந்து, குளிருக்கு முன் புதிய இறகுகளை வளர்த்துக்கொள்கின்றன. இறகின் பெரும்பகுதி புரதமே என்பதால், முட்டைக்குச் செல்ல வேண்டிய சத்து அந்த வாரங்களில் இறகுக்குச் சென்றுவிடுகிறது. பொதுவாக இது இரண்டு முதல் மூன்று மாதங்கள் வரை நீடிக்கும். அதுவரை முட்டைக்கோழித் தீவனத்தில் வழக்கமாக இருக்கும் 16 சதவீதப் புரதத்தை 18 முதல் 20 சதவீதமாக உயர்த்துவது நல்லது. புதிதாக முளைக்கும் இறகுக் குருத்துகளில் இரத்தம் ஓடுவதால், தொட்டாலே கோழிக்கு வலிக்கும். ஆகவே தேவையின்றிக் கையில் எடுக்காதீர்கள்.

நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைத்தால் கோழி முட்டையிடும் என்பது உண்மையே. ஆயினும் குடும்பத் தேவைக்காகச் சில கோழிகளை வளர்ப்பவர்கள் இந்த ஓய்வை அவற்றுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. விளக்குப் போட்டே தீர வேண்டுமானால் விடியலுக்கு முன் போடுங்கள். மாலையில் போட்டுத் திடீரென அணைத்தால், பரணில் ஏறாத கோழிகள் இருட்டில் தடுமாறும். கோழி சோர்ந்து, கொண்டை வெளுத்துக் காணப்பட்டால் மட்டும் இறகுதிர்வு என்று விட்டுவிடாமல், பகலில் பரணின் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் செவ்வுண்ணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: செம்மறியையும் வெள்ளாட்டையும் ஒன்றாகவே வளர்க்கிறோம். கிடாவை எப்போது சேர்ப்பது? இரண்டுக்கும் ஒரே தாது உப்பு போதுமா?

பதில்: குளிர்நாட்டு ஆட்டினங்கள் பெரும்பாலும் பகல் குறையும்போதுதான் பருவத்துக்கு வருகின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளின் இனங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதம் என்பதால், உங்கள் நிலத்தில் புதுப்புல் எப்போது தழைக்கும் என்று பார்த்து, அங்கிருந்து ஐந்து மாதத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கிடாவைச் சேருங்கள். செம்மறி ஏறத்தாழ 17 நாளுக்கு ஒருமுறையும் வெள்ளாடு 21 நாளுக்கு ஒருமுறையும் பருவத்துக்கு வரும். எனவே கிடாவின் மார்பில் நிறப்பொடியைக் குழைத்துப் பூசிவிட்டால், எந்த ஆடு எப்போது சேர்ந்தது, அடுத்த சுற்றில் மீண்டும் சேர்ந்ததா என்பதெல்லாம் ஆட்டின் பின்முதுகில் படியும் நிறத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு முன், கம்பளி மறைப்பதால் கண்ணை நம்பாமல், ஒவ்வோர் ஆட்டின் முதுகெலும்பையும் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பு கூராகத் தட்டுப்படும் ஆட்டுக்குச் சேர்க்கைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே நல்ல மேய்ச்சலும் கூடுதல் தீவனமும் தர வேண்டும்.

தாது உப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். வெள்ளாட்டுக்குத் தேவையான அளவு தாமிரம் செம்மறிக்கு நஞ்சு. அது ஈரலில் மாதக்கணக்கில் சேர்ந்துகொண்டே இருந்து, இடம் மாற்றுவது, தீவனம் குறைவது போன்ற ஏதோ ஓர் அழுத்தம் நேரும் வேளையில் இரத்தத்தில் கலந்து, ஆட்டைச் சில நாட்களில் கொன்றுவிடும். ஆகையால் வெள்ளாட்டுக்கான தாது உப்பையும், பன்றித் தீவனம், கோழித் தீவனம் ஆகியவற்றையும் செம்மறி எட்டாத இடத்தில் தனியே வையுங்கள்.

கேள்வி: குளிர் வருமுன் கொட்டகையின் சந்துகளையெல்லாம் அடைத்துவிடலாமா?

பதில்: விலங்கின் மேல் நேராக வீசும் காற்றைத் தடுங்கள், கூரையோரத் திறப்புகளை மட்டும் அடைக்காதீர்கள். மூடிய கொட்டகையில் மூச்சின் ஈரமும் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும் தேங்கி நுரையீரலைக் கெடுக்கும். நீங்கள் குனிந்து நிற்கும்போது கண் எரிந்தால், அங்கே படுத்துக் கிடக்கும் கன்றுக்கு அது இன்னும் கொடுமை. வயிறு நிறைய உலர்புல் உண்ணும் மாடும் ஆடும் செரிமானத்திலேயே உடற்சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். அவற்றுக்குக் கதவை அடைப்பதைவிட உலர்ந்த படுக்கையும் தட்டுப்பாடில்லாத உலர்புல்லும்தான் முக்கியம். சரியாகக் காயாத புல்லை அடுக்கினால் அது உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றவும் கூடும் என்பதால், புற்போரின் நடுவில் கைவைத்துப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

கேள்வி: ஓக் மரத்தடியில் விழும் கொட்டைகளை விலங்குகள் தின்னலாமா?

பதில்: பன்றிகள் அளவோடு தின்னலாம். மாடு, குதிரை, செம்மறி ஆகியவை மிகுதியாகத் தின்றால் கொட்டைகளிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் குடலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். பச்சைக் கொட்டைகள் இன்னும் ஆபத்தானவை. பலத்த காற்று வீசிய மறுநாள் மேய்ச்சலுக்கு விடுமுன் அவற்றை வாரி அகற்றுங்கள், அல்லது மரத்தைச் சுற்றி வேலியிடுங்கள். விலங்கு தீனி மறுத்து, மலச்சிக்கலோ இரத்தம் கலந்த கழிச்சலோ கண்டால், காத்திராமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள்.