பொலிஸ்காரரைத் தள்ளிவிட்டான் தம்பி: குற்றத்தை ஒப்புக்கொள்ளலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இரவு மோட்டார் சைக்கிளில் வந்த என் தம்பியைப் பொலிஸார் மறித்தார்கள். பேச்சு முற்றி, ஓர் அதிகாரி சாவியை உருவப் போக, தம்பி அவர் கையைத் தட்டி நெஞ்சில் தள்ளிவிட்டான். யாருக்கும் காயமில்லை. பிணை கிடைத்துவிட்டது. "ஒப்புக்கொண்டால் தண்டப்பணத்தோடு முடியும்" என்கிறார்கள். அவன் கனடா போக முயற்சிக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். ஆனால் காயமில்லை என்பதால் வழக்கு நிற்காது என்றும் நினைக்காதீர்கள். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 344ஆம் பிரிவுக்குக் காயமே தேவையில்லை. கடமையில் இருக்கும் அரச ஊழியர் மீது பலத்தைப் பிரயோகித்தாலே போதும். 2 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். காயம் ஏற்பட்டிருந்தால் விஷயம் 323க்குப் போகும், கடும் காயமென்றால் 324க்கு. அதனால்தான் இத்தகைய வழக்குகளில் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கைக்கு அவ்வளவு மதிப்பு. அதன் பிரதியை உங்கள் சட்டத்தரணி கட்டாயம் பார்க்க வேண்டும்.

"அவர் முதலில் சாவியைப் பறித்தாரே, இது தற்காப்புத்தானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உயிருக்கோ கடும் காயத்துக்கோ அஞ்ச நியாயமில்லாத நிலையில், பதவியின் பேரில் நல்லெண்ணத்துடன் செயற்படும் அரச ஊழியரை எதிர்க்கத் தற்காப்பு உரிமை கிடையாது என்கிறது 92ஆம் பிரிவு. அவர் செய்தது சட்டப்படி முழுச் சரியாக இல்லாவிட்டாலும் அப்படித்தான். அவர் அரச ஊழியர் என்று தெரியாமலும், அப்படி நம்பக் காரணமில்லாமலும் இருந்தால் மட்டும் கதை வேறு. சீருடை இல்லாமல், அடையாள அட்டை காட்டாமல் இருட்டில் மறித்தார்களா? தம்பியிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

அடுத்த கேள்வி, அந்த நேரத்தில் அதிகாரி உண்மையிலேயே கடமையைத்தான் செய்தாரா என்பது. அதை நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுநர். கண்டபடி ஏசி, காரணம் சொல்லாமல் பிடித்து இழுத்திருந்தால் அதுவும் வழக்கில் வர வேண்டும். காலி வீதிக் கடைகளின் சிசிடிவி பதிவு பெரும்பாலும் சில நாட்களில் அழிந்துவிடும். இன்றே போய்க் கேளுங்கள்.

பொலிஸில் தந்த வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டதா? அவனுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டி, திருத்தவும் சேர்க்கவும் இடம் தந்திருக்க வேண்டும். தரவில்லையென்றால் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள்.

சரி, கனடாவுக்கு வருவோம். ஒப்புக்கொண்டால் குற்றத்தீர்ப்பு பதிவாகும், பொலிஸ் கிளியரன்ஸில் அது தலைகாட்டும். ஒப்புக்கொள்ளாவிட்டாலும் கைதானதையும் குற்றச்சாட்டையும் விண்ணப்பத்தில் கேட்கிறார்கள். மறைத்துப் பிடிபட்டால் 5 வருடத் தடை வரலாம். அது வழக்கைவிட மோசம். முதல் குற்றம், நன்னடத்தை, வயது ஆகியவற்றைக் கருதி, குற்றத்தீர்ப்பு வழங்காமலே நிபந்தனையோடு விடுவிக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு நீதவானுக்கு இடம் தருகிறது. வழக்கில் தோற்கும் நிலை வந்தால் சட்டத்தரணி கேட்க வேண்டியது அதைத்தான். வெறும் தண்டப்பணத்தை அல்ல.

அப்புறம் ஒன்று. தம்பியையும் அடித்தார்களா? அடித்திருந்தால் உடனே அரசாங்க வைத்தியசாலையில் காட்டுங்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு உயர் நீதிமன்றம் தரும் அவகாசம் ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. அவர்களின் அவசர அழைப்பு இலக்கம் 1996.