ஏழாவது படிக்கிற பையனுக்கு என்ன புத்தகம்?

பாட்டி ஊர் டீக்கடையில முன்னெல்லாம் ஏன் சாதி பார்த்து ரெண்டு டம்ளர்னு பையன் கேட்டதுக்குப் புத்தகம் கேட்டிருந்தீங்க. தடிமனான வரலாறு இப்ப வேண்டாங்க. அம்பேத்கரோட 'வெயிட்டிங் ஃபார் எ விசா' சின்ன நூல்தான், தமிழிலும் வந்திருக்கு. முதல் பகுதியே போதும். 1901ல அப்பாவைப் பார்க்க அண்ணனோட கிளம்பின சின்னப் பையன், அது அம்பேத்கரேதான். ஸ்டேஷன்ல சாதி தெரிஞ்சதும் வண்டிக்காரங்க யாரும் ஏத்தலை. கடைசியில ஒருத்தர் ரெட்டை வாடகை வாங்கிட்டு, இவங்களையே ஓட்டச் சொல்லிட்டு, கூட நடந்து வர்றார். ராத்திரி பூரா குடிக்கத் தண்ணி இல்லை. கூட உட்கார்ந்து படிங்க, கேள்வி நிறைய வரும்.

அடுத்து சொல்லிக் கொடுக்க கேரளாவுல நடந்த வைக்கம் போராட்டம், 1924. கோயிலைச் சுத்தின தெருவுல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க நடக்கிறதுக்கே போராட்டம், பெரியார் ஜெயிலுக்கே போனார். நீங்க ஈரோடுதானுங்களே, அவர் நினைவகத்தையும் காட்டிடுங்க. 'சிறுவர்களுக்கு'ன்னு அட்டையில போட்டு உள்ளே தேதியை மட்டும் அடுக்கின புத்தகம் வாங்கிடாதீங்க.