எஞ்சின் ஆயில்: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது? (கேள்வி-பதில்)

கேள்வி: காரோடு வந்த கையேட்டில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு என்று போட்டிருக்கிறது. மெக்கானிக்கோ 5,000 ஆனதும் மாற்றிவிடுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: 5,000 என்பது கார்புரேட்டரும் மினரல் ஆயிலும் இருந்த காலத்துக் கணக்கு. அப்போது எரியாத பெட்ரோல் தாராளமாக ஆயிலில் இறங்கும். ஆயிலும் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும். இன்றைய எஞ்சினில் எரிபொருள் அளந்து பீய்ச்சப்படுகிறது, சிந்தெட்டிக் ஆயில் சூட்டை நன்றாகவே தாங்குகிறது. அதனால்தான் இடைவெளி 10,000, 15,000 என்று நீண்டது. நீண்ட இடைவெளிக்கென்றே தயாரான ஆயிலை ஊற்றும் சில ஐரோப்பியக் கார்களில் இரண்டாண்டு அல்லது 30,000 கி.மீ. வரைகூட விடுகிறார்கள்.

ஆனால் அந்த 10,000 உச்சவரம்பு. கையேட்டை இன்னும் இரண்டு பக்கம் புரட்டினால் 'கடுமையான பயன்பாடு' என்று வேறொரு அட்டவணை இருக்கும். அடிக்கடி குறுகிய தூரம் ஓட்டுவது, நெரிசலில் நின்று நின்று போவது, நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடுவது, புழுதிச் சாலை, மலையேற்றம், பின்னால் டிரெய்லர் இழுப்பது எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு இடைவெளி பெரும்பாலும் பாதியாகக் குறையும். நகரத்துக்குள்ளேயே ஓடும் காருக்கு உரியது இந்த அட்டவணைதான், ஆனால் உரிமையாளர்களில் பலரும் அதைப் பார்ப்பதேயில்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சராசரி 60 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் 10,000 கி.மீ. முடிக்கும்போது எஞ்சின் சுமார் 167 மணி நேரம் ஓடியிருக்கும். சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்த காருக்கு அதே தூரத்தில் 500 மணி நேரம். ஓடோமீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆயில் பட்ட பாடு மூன்று மடங்கு. டேஷ்போர்டில் சராசரி வேகம் காட்டும் வசதி இருந்தால் பாருங்கள். 25-க்குக் கீழே இருந்தால் உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறதா? அப்படியானால் 5,000-ல் மாற்றுவது நல்ல ஆயிலை வீணாகக் கொட்டுவது.

கேள்வி: வருடத்துக்கு 3,000 கி.மீ.கூடத் தாண்டுவதில்லை. அப்படியும் ஓராண்டில் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டும். 'எது முதலில் வருகிறதோ அது' என்று கையேடு சொல்வது உங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. இதில் பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் மட்டும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி, எரியாத பெட்ரோலையும் சேர்த்துக்கொண்டு கீழே ஆயிலுக்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் இரண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். ஆனால் கூலண்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்பதால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு இன்னும் நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் முடியும் பயணங்களில் தண்ணீரும் பெட்ரோலும் உள்ளேயே தங்கி, அமிலமாகிப் பேரிங்குகளை அரிக்கும். அந்த அமிலத்தை முறிக்க ஆயிலில் காரச் சேர்மானங்கள் உண்டு. அவை செலவாகித் தீர்ந்தபின் ஆயில் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் காப்பாற்றாது.

காரை எடுக்காத நாட்களில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார்கள் சிலர். அதைவிட எடுக்காமலே விடலாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: ஆயில் கறுத்துவிட்டால் மாற்ற வேண்டும்தானே?

பதில்: இல்லை. டீசல் எஞ்சினில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் மிதக்க வைத்து, எங்கும் படியவிடாமல் வைத்திருப்பது அதன் வேலை. கவலைப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் பால் கலந்தது போல வெளிறியிருந்தால் கூலண்ட் உள்ளே கசிகிறது, எஞ்சினின் மேல்பகுதிக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்பைப் பார்க்க வேண்டும். ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக வெண்பசை படிந்திருந்தால் அது பெரும்பாலும் குறுகிய பயணத்தின் ஈரம். மினுமினுக்கும் உலோகத் துகள் தெரிந்தால் பேரிங் தேய்கிறது. அளவு குறையாமல் கூடிக்கொண்டே வந்து எரிபொருள் வாடையும் அடித்தால், ஆயிலில் எரிபொருள் கலக்கிறது. புகைக்கரியை வடிகட்டும் டிபிஎஃப் உள்ள டீசல் கார்களில் இது நடக்கும். வடிகட்டியைச் சுட்டெரித்துச் சுத்தம் செய்ய எஞ்சின் கூடுதலாக டீசல் பீய்ச்சும். அந்த வேலை முடியும் முன்பே காரை அணைத்து அணைத்து எடுத்தால் டீசல் கீழே இறங்கிவிடும். இந்த நிலையில் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: அளவு குறையும்போதெல்லாம் புது ஆயில் ஊற்றிவருகிறேன். அது போதாதா?

பதில்: போதாது. அழுக்கும் அமிலமும் உள்ளேயே இருக்கின்றன, ஃபில்டரும் பழையது. ஆனால் அளவு பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு மறுபடி முழுதாகச் செருகி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர். கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையைப் பம்ப் இழுத்தால் அழுத்தம் விழும்.

சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. ஓட்டும்போது எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். 'பக்கத்தில்தான் ஒர்க்ஷாப்' என்று ஓட்டிப் போனால் எஞ்சினே போய்விடலாம்.

கேள்வி: 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்று கடையில் ஏகப்பட்ட கேன்கள். கெட்டியான ஆயில்தானே எஞ்சினுக்கு நல்லது?

பதில்: அப்படியில்லை. முதல் எண் குளிரில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பது, குறைந்தால் நல்லது. இரண்டாவது எண் சூடான எஞ்சினில் உள்ள பாகுத்தன்மை. எஞ்சின் பாகங்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளும் ஆயில் பம்பும் ஒரு குறிப்பிட்ட பாகுத்தன்மைக்கென்று அமைக்கப்பட்டவை. 20 கேட்கும் எஞ்சினுக்கு 40 ஊற்றினால் மைலேஜ் குறையும், வால்வு டைமிங்கை மாற்றும் நுண்ணிய ஆயில் வழிகளும் சரியாக வேலை செய்யாது. கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளை அனுமதித்தால் அவற்றுக்குள் தேர்ந்தெடுங்கள், வெளியே போக வேண்டாம்.

கிரேடு பாதிதான், கேனின் பின்புறம் உள்ள தரக்குறியீடு மீதி. பெட்ரோல் எஞ்சினுக்கு ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பு) தரும் எஸ்என், எஸ்பி என்று வரும். 2020-ல் வந்த எஸ்பி, சிறிய டர்போ எஞ்சின்களில் எரிபொருள் நேரம் தவறித் தானே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் கோளாறையும் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயினின் தேய்மானத்தையும் கணக்கில் எடுத்தது. எஸ்என் கேட்கும் காருக்கு எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்கும் காருக்கு எஸ்என் கூடாது. டிபிஎஃப் உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கையேட்டில் ஏசிஇஏ (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கம்) தரும் சி2, சி3 போல ஒன்று குறித்திருப்பார்கள். கரி எரிந்துபோகும், ஆயிலின் உலோகச் சேர்மானங்கள் விடும் சாம்பல் எரியாது, வடிகட்டியை அடைத்துவிடும். டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடும் எஞ்சின் என்றால் இன்னும் கவனம். தவறான ஆயிலில் பெல்ட் உரிந்து, அதன் துணுக்குகள் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும்.

'இந்தத் தரத்துக்கு ஏற்றது' என்று எழுதுவதும் கார் நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றதும் ஒன்றல்ல. வாரண்டி இருக்கும்வரை ஒப்புதல் எண்ணே எழுதியிருக்கும் கேனை வாங்குங்கள்.

கேள்வி: சர்வீஸில் விடும்போது எதையெல்லாம் கவனிப்பது?

பதில்: கையேட்டில் 'ஃபில்டருடன்', 'ஃபில்டர் இல்லாமல்' என்று இரண்டு அளவு இருக்கும். ஃபில்டருடன் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பெட்ரோல் கார்களுக்கு மூன்றரை லிட்டரை ஒட்டியும், இரண்டு லிட்டர் எஞ்சின்களுக்கு நாலரை, ஐந்து என்றும் வரும். உங்கள் அளவு 3.5 என்றால் பில்லில் 4.5 எதற்கு என்று கேட்கலாம். பாரலிலிருந்து ஊற்றினால் கிரேடையும் தரக்குறியீட்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தேதியும் ஓடோமீட்டர் அளவும் அதிலேயே இருக்கட்டும். பின்னாளில் வாரண்டிக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஃபில்டரை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். அடைத்துப்போன ஃபில்டரில் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேரே எஞ்சினுக்குப் போகும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியதை மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கொஞ்ச தூரத்தில் ஆயில் கொட்டிவிடும். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் வாஷரும் புதிதாக இருக்க வேண்டும். போல்ட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் ஆயில் தேங்கும் அலுமினியத் தொட்டியான சம்பின் மரை போய்விடும், பிறகு சம்பையே மாற்றும் செலவு.

'எஞ்சின் ஃபிளஷ்' செய்யலாமா என்று கேட்பார்கள். ஒழுங்காக ஆயில் மாற்றிவந்த காருக்கு அது வீண் செலவு. வருடக்கணக்கில் மாற்றாமல் கசடு படிந்த எஞ்சினுக்கு ஆபத்து. கரைந்து கழன்ற கசடு ஆயில் சல்லடையை அடைக்கலாம். அங்கே நல்ல ஆயிலை ஊற்றி 3,000 கி.மீ. இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றுவது பாதுகாப்பானது.

கேள்வி: என் கார் 'ஆயில் ஆயுள் 40%' என்று காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: நம்பலாம், சரியான ஆயில் ஊற்றியிருந்தால். பெரும்பாலான கார்களில் அது ஆயிலைச் சோதித்துச் சொல்வதில்லை. சுழற்சி, வெப்பம், குளிர்ந்த நிலையில் எத்தனை முறை ஸ்டார்ட் ஆனது ஆகியவற்றைக் கூட்டிக் கணிக்கிறது. மலிவான ஆயிலை ஊற்றியது அதற்குத் தெரியாது. அளவு குறைந்ததையும் அது காட்டாது. ஆயில் மாற்றியதும் அதை ரீசெட் செய்தார்களா என்று வண்டியை எடுக்கும்போதே பாருங்கள்.